‘தெரியாது’ என்று ஓர் இலக்கு

பிப்ரவரி கடைசியில் எங்கள் பள்ளியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். ‘அடுத்த கல்வியாண்டுக்கான ஆசிரியரின் தொழில் வளர்ச்சி இலக்குகள்’ என்று தலைப்பு. கீழே ஐந்து கோடுகள். அடியில் ஆசிரியர் கையெழுத்துக்கு ஓர் இடம், தாளாளர் கையெழுத்துக்கு ஓர் இடம். அந்த ஐந்து கோடுகளை நிரப்ப எனக்கு நான்கு நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“எதுக்குங்க மிஸ் இப்புடி மண்டையப் போட்டு ஒடைக்கறீங்க?” என்றார் பக்கத்து மேசை அக்கா. பத்தாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு அறிவியல் எடுப்பவர், திருச்செங்கோட்டுப் பக்கம். “போன வருஷத்து ஃபைல் பீரோவுல இருக்குதுங்க. பாத்து எழுதிப்போட்டு வருஷத்த மட்டும் மாத்துங்க. சோலி முடிஞ்சுது.”

எடுத்துப் பார்த்தேன். நூறு சதவீதத் தேர்ச்சி. மெல்லக் கற்போர்மீது தனிக் கவனம். கரும்பலகைக் கையெழுத்தை மேம்படுத்துதல். எல்லாப் படிவத்திலும் அதே சொற்கள், அதே வரிசை. விளையாட்டு ஆசிரியரும் கையெழுத்தை மேம்படுத்தப் போவதாக எழுதியிருந்தார்.

“அவரு மூணு வருஷமா மேம்படுத்திட்டேதான் இருக்கறாருங்க,” என்றார் அக்கா. “இன்னும் டாக்டரு மருந்துச் சீட்டு மாதிரியேதான் இருக்குது.”

எனக்கு அந்தப் படிவம் விளையாட்டு இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு பத்தாவதில் யார் எடுப்பது என்பதை மார்ச்சில் தாளாளர் முடிவு செய்வார். அவர்களோடு நானும் மேலே போக வேண்டும் என்பதுதான் அந்த ஆண்டு முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆசை. ஒரு வகுப்பைப் பழக்கி எடுப்பது என்ன பாடு என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். வந்த புதிதில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுதுங்க மிஸ்” என்று ஒரே குரலில் சொல்வார்கள். நான் கெங்கவல்லிக்காரி. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் புரிந்தால்தான் புரிந்தது என்பார்கள். இல்லாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கோழிப்பண்ணை ஊரில் அந்த ‘ங்க’வுக்குப் பொருள் மரியாதை மட்டும்தான் என்பது பிடிபட எனக்கு அரையாண்டுத் தேர்வு வரை ஆயிற்று. விடைத்தாள்களைப் பார்த்துத்தான் பிடிபட்டது.

அந்த விடைத்தாள்களில் இன்னொன்றும் இருந்தது. ஜூலையில் ஒரு நாள், பல்லி சுவரில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று ஒருவன் கேட்டான். எனக்குத் தெரியாது. நான் படித்தது இயற்பியல். ஒரு நொடிகூடத் தயங்காமல், “அது காலுல பசை சுரக்கும்” என்றேன். வகுப்பே எழுதிக்கொண்டது. பிறகு படித்துப் பார்த்தால் பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. கால் விரல்களில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே மூலக்கூறு அளவில் ஈர்ப்பு விசை. சுத்தமான இயற்பியல்! என் பாடம்! மறுநாளே திருத்தியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, நாளைக்கு என்று விட்டேன், அது அப்படியே போய்விட்டது. அரையாண்டில் ‘விலங்குகளின் தகவமைப்பு ஒன்றை எழுதுக’ என்று ஒரு கேள்வி. தாளுக்குத் தாள், ‘பல்லியின் காலில் பசை சுரக்கிறது.’ என் சொல்லையே தப்பு என்று எப்படி அடிப்பது? எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். சிவப்புப் பேனா கையில் கனத்தது.

அதனால்தான் படிவத்தின் முதல் இரண்டு கோடுகளில் ஆய்வகம், இணையவழிப் பயிற்சி என்றெல்லாம் எழுதிவிட்டு, மூன்றாவதில் இப்படி எழுதினேன்: ‘எனக்குத் தெரியாததை வகுப்பில் தெரியாது என்று சொல்லப் பழகுவது.’

அக்கா எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, இதையா குடுக்கப் போறீங்க?”

“ஏங்க்கா, தப்பா?”

“தப்பில்லீங்க. எழுதறதுக்குத்தான் கூடாது.”

கொடுத்த மறுநாளே தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு சேந்தமங்கலம் சாலையில் மூன்று கோழிப்பண்ணைகள், அப்புறம் இந்தப் பள்ளி. எப்போதும் ஒரு கைபேசி காதில், இன்னொன்று மேசையில். என் படிவத்தில் மூன்றாவது வரியைச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டிருந்தது.

“இது என்னங்க மிஸ்?”

சொன்னேன். பல்லியைச் சொல்லவில்லை.

“பத்தாவது ‘பி’க்கு உங்க பேரத்தான் வெச்சிருக்கறேன். பென்சில்ல.” அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே என் பெயர், பென்சிலில். “பப்ளிக் எக்ஸாம் கிளாஸுங்க அது. இப்புடி எழுதற ஆளுகிட்டக் குடுக்கலாமான்னு நான் பாக்கோணும். வியாழக்கெழம உங்க கிளாஸுக்கு வாரேன்.”

ஒன்பதாவதில் பாடங்கள் முடிந்து திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தை எடுப்பதென்று முடிவு செய்தேன். “திருப்புதலுக்குப் போயி எவனாச்சும் சோதனை செஞ்சு காட்டுவானா? கேள்வித்தாளக் குடுத்து எழுத வெய்யுங்க. பெரியவரு சத்தமில்லாம இருந்தாப் போதும்னுவாரு,” என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. பத்து முட்டை, இரண்டு புட்டி வினிகர், கண்ணாடித் தம்ளர்கள், தீப்பெட்டி. முந்தின நாள் மாலை ஆய்வகத்தில் இரண்டு முறை செய்து பார்த்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்வதற்கென்று இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். ‘தெரியாது’ என்று சொல்லப் பழகப்போவதாக எழுதிக் கொடுத்தவள், அந்தச் சொல் வாயில் வந்துவிடக் கூடாதே என்று தயாரானேன். அப்போது அது எனக்கு விசித்திரமாகப் படவே இல்லை.

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை. தாளாளர் வந்து கடைசி பெஞ்சில், ஒரு பையனை நகரச் சொல்லி உட்கார்ந்தார். “நீங்க பாட்டுக்கு எடுங்க,” என்றார். அவர் முழங்கால் பெஞ்சுக்குள் அடங்கவில்லை.

முதல் முப்பது நிமிடம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போயிற்று. வினிகருக்குள் இறக்கியதும் முட்டை ஓட்டின்மேல் குமிழ்கள் முத்து முத்தாக ஒட்டின. எரியும் தீக்குச்சியைத் தம்ளரின் வாயில் காட்டினால் பொசுக்கென்று அணைந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓடு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு. சமன்பாட்டை எழுதினேன். இதைப் போலவே சோடியம் பைகார்பனேட்டும் அமிலத்தோடு வினைபுரியும் என்று அதற்குக் கீழே அதன் சமன்பாட்டையும் பெரிய எழுத்தில் எழுதினேன். திரும்பிப் பார்த்தேன். தாளாளர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே முடித்திருக்கலாம். எனக்குத்தான் துடுக்கு. “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்றேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். அப்பா அம்மா இருவரும் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள்; பண்ணைக்குள்ளேயே வீடு. ஆண்டு முழுக்க அவள் கேட்ட மூன்றாவதோ நான்காவதோ கேள்வி அது.

“ஏனுங்க மிஸ், வெய்யக் காலத்துல முட்டை ஓடு மெல்லிசா வருதுங்களே, அது ஏனுங்க?”

என் இரண்டு பக்கத்தில் அது இல்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது. “வெயில்ல கோழி சரியாத் தீனி எடுக்காது. அதனால கால்சியம் குறையும். ஓடு மெல்லிசாகும்.”

“இல்லீங்க மிஸ்.” அவள் உட்காரவில்லை. “கிளிஞ்சத் தூளு சேத்திப் போட்டாலும் அப்புடியேதான் வருதுங்க. தண்ணியில சோடா போட்டாத்தானுங்க கொஞ்சம் சரியாவுது.”

“சோடாவா?” எனக்குக் கண்முன் வந்தது கெங்கவல்லிப் பேருந்து நிறுத்தக் கடையில் அடுக்கியிருக்கும் கோலிசோடா. “எதுக்கு, கோழிக்கு ஏப்பம் வரவா?”

முன் பெஞ்சுகள் வெடித்துச் சிரித்தன. நானும் சிரித்தேன். கடைசி பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது வகுப்பு இப்படிக் கலகலப்பாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். நோட்டை மூடினாள். பேனாவின் மூடியைப் போட்டாள்.

அப்புறம்தான் கவனித்தேன். பாதி வகுப்புதான் சிரித்திருக்கிறது. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. தாளாளரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தபடியே முணுமுணுத்தாள்: “ஆப்பசோடாவுங்க மிஸ். எல்லாப் பண்ணையிலயும் சோடான்னா அதத்தானுங்க சொல்லுவாங்க.”

ஆப்பசோடா. சோடியம் பைகார்பனேட். என் முதுகுக்குப் பின்னால், பலகையில், என் கையெழுத்திலேயே, அரை அடி உயரத்தில் இருந்தது.

திரும்பிப் பலகையைப் பார்த்தேன். அவள் சொன்னது வெறும் சந்தேகம் இல்லை; ஒரு கவனிப்பு. கால்சியத்துக்குக் கிளிஞ்சல் கொடுத்துப் பார்த்து, அது பலிக்காமல், சோடா கொடுத்துப் பார்த்து, அது பலித்து, இரண்டையும் ஒப்பிட்டு வைத்திருக்கிற கவனிப்பு. இதற்கு மேல் அறிவியல் என்று நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க? அதைப் போய் ஏப்பம் என்றேன். அப்படியானால் ஏன்? கார்பனேட்டுக்கும் பைகார்பனேட்டுக்கும் இடையே, கோழியின் உடம்புக்குள், வெயிலில் என்ன நடக்கிறது? எனக்குத் துளியும் தெரியவில்லை.

தப்பிக்க வழிகள் இருந்தன. ‘அது உங்க சிலபஸ்ல இல்ல’ எனலாம். ‘நல்ல கேள்வி, எல்லாரும் வீட்டில் யோசிச்சிட்டு வாங்க’ எனலாம். மணி அடிக்க இன்னும் ஆறு நிமிடம். கடைசி பெஞ்சில் அந்தப் பென்சில் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. சுண்ணக்கட்டி விரலிடுக்கில் ஒடிந்தது.

“எனக்குத் தெரியல,” என்றேன்.

கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். “ஏன்னு எனக்குத் தெரியல. தீனி குறையறதுனாலன்னு சொன்னதும் நானா ஊகிச்சதுதான். அவ சொன்னது சரி. நான் சிரிச்சது தப்பு.”

பலகையில் அவள் கேள்வியை எழுதினேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்தது. தாளாளர் பெஞ்சிலிருந்து முழங்காலை உருவிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அந்தப் பெண்ணின் தலையில் லேசாகத் தட்டி, “உன்ர அப்பன் எந்தப் பண்ணை சாமி?” என்று கேட்டார். அவள் சொன்னாள். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

“அடுத்த கிளாஸ்ல பாக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேங்க,” என்றார் அக்கா, மதியம் நடந்ததைக் கேட்டுவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்தபடி. “பதினாறு வருஷமா நான் அப்புடித்தான் ஓட்டறேன். அடுத்த கிளாஸ்ல எவனும் கேக்க மாட்டான்.”

“கேக்கலன்னா அது நல்லதாங்க்கா?”

“நல்லதான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? மொதல்ல சாப்புடுங்க.”

கால்நடை மருத்துவம் படிக்கும் என் பள்ளித் தோழிக்குச் செய்தி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் ஒரு குரல் பதிவு வந்தது. கோழிக்கு வேர்க்காது. வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். அப்படி மூச்சு வாங்க வாங்கக் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டுக்கு இரத்தத்தில் சரக்கு இருக்காது. கால்சியம் எவ்வளவு கொட்டினாலும் அது ஓட்டில் பாதிதானே? சோடா அந்த மறு பாதியைக் கொஞ்சம் ஈடுகட்டும். கேட்டு முடித்ததும் விடுதி அறையில் தனியாக, “அடடா!” என்று சத்தமாகச் சொன்னேன். தம்ளரில் முட்டையிலிருந்து குமிழாகப் போனது எதுவோ, அதுவேதான் கோழியின் வாய் வழியாகவும் போகிறது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். முடித்த கையோடு பல்லியையும் எடுத்தேன். பசை இல்லை, நான் சொன்னது தவறு, நீங்கள் எழுதியதற்கு நான் சரி போட்டதும் தவறு என்றேன். “அப்ப மார்க்கக் கொறைப்பீங்களா மிஸ்?” என்று ஒருவன் அலறினான். குறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் வகுப்பு அடங்கியது.

வகுப்பு கலையும்போது அந்தப் பெண்ணை நிறுத்தினேன். “அம்மிணி, நேத்து நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது.”

“சரிங்க மிஸ்.”

“இன்னும் ஏதாவது கேக்கணுமா?”

“இல்லீங்க மிஸ்.”

இரண்டு ‘ங்க’. இரண்டிலும் மரியாதை மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு மார்ச் முடியும்வரை அவள் கை தூக்கவில்லை. அன்றைக்கோ, அடுத்த ஆண்டு முழுக்கக் கிடைத்தால் எப்படியாவது மறுபடி தூக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பத்தாவது ‘பி’ இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு வேண்டியிருந்தது.

வந்த திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டார். மேசையில் என் படிவம், அட்டவணை, ஒரு பேனா. நாற்காலியின் பின்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உக்காருங்க மிஸ். அந்த சோடா சமாச்சாரம். பதில் கண்டுபுடிச்சுட்டீங்களாமா?”

சொன்னேன். மூச்சு, கார்பன் டை ஆக்சைடு, ஓடு. முழுவதும் கேட்டார். கைபேசி அதிர்ந்தது, எடுக்கவில்லை.

“அட, மூச்சு வாங்கறதுலயே போயிருதா? இருவது வருஷமா சோடா போடறமுங்க. ஏன்னு எனக்கும் தெரியாது, எங்க சூப்பர்வைசருக்கும் தெரியாது.” சிரித்தார். “நல்லா வெளங்கற மாதிரிச் சொல்றீங்க. அதுல ஒண்ணும் கொறை இல்ல.”

பேனாவை என் பக்கம் உருட்டினார்.

“அந்த மூணாவது வரிய மட்டும் அடிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க. பத்தாவது ‘பி’ உங்களுக்கு.”

நான் பேனாவை எடுக்கவில்லை.

“ரெண்டு அப்பனுங்க போன் பண்ணிட்டாங்க மிஸ். ‘மிஸ்ஸுக்கே தெரியாதாமே’ன்னு. சோடா ஏன்னு எனக்குந்தான் தெரியாது. அதுக்காக முட்டை எடுக்க வர்ற பார்ட்டிகிட்டப் போயி எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிட்டு இருப்பனா? தெரியலீன்னா தெரியாத மாதிரிக் காட்டிக்கக் கூடாது. அத்தனதானுங்க. நீங்க வகுப்புல என்ன வேண்ணாச் சொல்லிக்குங்க. பேப்பர்ல வேண்டாம்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கோடு. இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அந்தப் பிள்ளைகளோடு மேலே போகலாம். அவள் மூன்றாவது பெஞ்சில் இருப்பாள். கோடு போட்ட பிறகும் நான் வகுப்பில் தெரியாது என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கப் போகிறேன்? ஆனால் அப்படியும் தோன்றவில்லை. பல்லி விஷயத்தில் ஏழெட்டு மாதம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியவள் நான். வியாழக்கிழமை அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததற்குக் காரணம், அது ஏற்கெனவே தாளில் எழுதி அவர் கையில் இருந்ததுதான். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஆறு நிமிடத்தையும் ‘வீட்டில் யோசிச்சிட்டு வாங்க’ என்று ஓட்டியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

“மாத்தி எழுதட்டுங்களா?” என்றேன்.

“எழுதுங்க, எழுதுங்க. அதத்தான் சொல்றேன்.”

பழைய வரிக்குப் பக்கத்தில், நெருக்கமாக எழுதினேன்: ‘மாணவர் கேட்டு எனக்குத் தெரியாத கேள்விகளை வகுப்பிலேயே குறித்துவைத்து, ஒரு வாரத்துக்குள் விடை சொல்வது, நான் தவறாகச் சொன்னவற்றை அதே வகுப்பில் திருத்துவது.’

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“ஏனுங்க மிஸ், இது மொதல்ல இருந்தத விட மோசமால்ல இருக்குது? தவறுன்னு வேற எழுதிட்டீங்க!”

“ஆமாங்க.”

“அடிக்க மாட்டீங்க?”

“இல்லீங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து அழிப்பானை எடுத்து, அட்டவணையில் பத்தாவது ‘பி’க்கு நேராக இருந்த என் பெயரை அழித்தார். அவசரமில்லாமல், தாள் கசங்காமல். தூளை ஊதிவிட்டு அந்த இடத்தில் அக்காவின் பெயரைப் பேனாவால் எழுதினார்.

“வர்ற வருஷமும் ஒம்பதாவதே பாருங்க. அப்பறம் பாக்கலாம்.” என் படிவத்தின் அடியில், மூன்றாவது வரியோடு சேர்த்தே, கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். “அது உங்க காப்பி. வெச்சுக்குங்க.”

ஆசிரியர் அறையில் அக்கா காத்திருந்தார். சொன்னேன்.

“ரெண்டு செக்சனும் நானேங்களா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

“மிஸ், சோடாவப் பத்திக் கேட்ட அந்த மூணாவது பெஞ்சுப் புள்ள பேரு என்னங்க?”

சொன்னேன். அவர் கைக்குறிப்பேட்டின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார். எனக்கு அடுத்த பாடவேளை அதே ஒன்பதாவது ‘பி’. மணி அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.